இயந்திரம் நின்றால் விமானம் எங்கே இறங்கும்? காப்பார் எழுப்பும் கேள்வி

கிள்ளான், காப்பார், கம்போங் தோக் மூடா செம்பனைத் தோட்டத்தில் 2024 பிப்ரவரி 13ஆம் தேதி பிற்பகல் சிறிய ரக விமானம் ஒன்று விழுந்தது. சுபாங்கிலிருந்து புறப்பட்ட சில நிமிடங்களிலேயே இந்த விபத்து நேர்ந்தது. இத்தாலியில் தயாரான இரண்டு இருக்கை கொண்ட அவ்விமானம் மண்ணுக்குள் புதைந்து போனது. அதிலிருந்த இருவரும் உயிரிழந்தனர்.

அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், 2023 ஆகஸ்ட் 17ஆம் தேதி, லங்காவியிலிருந்து சுபாங் நோக்கி வந்த சிறிய ஜெட் விமானம் ஷா ஆலம் எல்மினா சாலையில் விழுந்தது. பத்துப் பேர் மாண்டனர். அவர்களில் இருவர் விமானத்தில் இருந்தவர்கள் அல்லர். அவ்வழியே காரிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்கள். விமானத்தின் வேகத்தைத் தரையில் குறைக்க உதவும் இறக்கைத் தடுப்புப் பலகைகள் வானிலேயே தவறுதலாக விரிந்ததுதான் காரணம் என இறுதி விசாரணை அறிக்கை கூறியது. அங்கு இயந்திரம் பழுதாகவில்லை.

இயந்திரம் நின்றால் விமானம் கல்லைப் போல் கீழே விழுந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172 ரக விமானம், இயந்திரம் நின்ற பிறகும் ஆயிரம் அடி உயரத்திற்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தூரம் மிதந்து செல்லும். அந்த ஓரிரு நிமிடங்களுக்குள் விமானி வேகத்தைச் சீராக்கி, இடத்தைத் தேர்ந்தெடுத்து, அபாய அழைப்பு விடுத்து, எரிபொருளை அடைத்து, கதவின் பூட்டை விடுவிக்க வேண்டும். புறப்பட்ட உடனே பழுது ஏற்பட்டால், ஓடுபாதைக்குத் திரும்ப முயல்வதே பல விமானிகளின் உயிரைப் பறித்துள்ளது. அதனால்தான் முன்னால் தெரியும் வெட்டவெளியில் இறங்குமாறு கற்றுத் தரப்படுகிறது.

2025 நவம்பர் 13ஆம் தேதி தமிழ்நாட்டில் இது நடந்தது. சேலத்திலிருந்து வந்த செஸ்னா 172 பயிற்சி விமானம், இயந்திரக் கோளாறால் திருச்சி-புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், கீரனூர் அருகே இறங்கியது. முன்பகுதி சேதமடைந்தது; உள்ளே இருந்த இருவரும் உயிர் தப்பினர். நேரான, அகலமான சாலை ஒன்று கீழே இருந்ததும் அவர்களைக் காத்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படியொரு இடம் எங்கே? மேலிருந்து பார்த்தால் செம்பனைத் தோட்டம் பச்சைப் பாய் விரித்ததுபோல் தெரியும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு உண்மை தெரியும். மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் இடைவெளிதான். செஸ்னாவின் இறக்கை அகலமோ 11 மீட்டர். வரிசைக்குள் அது நுழையவே முடியாது. தோட்டச் செம்மண் சாலையின் இருபுறமும் மட்டைகள் கவிந்திருக்கும். முன்பு ரப்பரும் செம்பனையும் இருந்த இடங்களில் இன்று வீடமைப்புகள், தொழிற்பேட்டைகள், கார்கள் நிறைந்த நெடுஞ்சாலைகள். வெட்டவெளி குறைந்துகொண்டே வருகிறது. ஆனால், 2024 ஆகஸ்ட் முதல் சுபாங்கில் மீண்டும் பெரிய ஜெட் பயணிகள் விமானங்களும் பறக்கின்றன.

ஆகவே, விமானப் பாதுகாப்பு விமானிக்கும் பழுதுபார்ப்பவருக்கும் மட்டும் உரிய விஷயமல்ல. ஊராட்சி மன்றங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கு அனுமதி வழங்கும்போது, விமானப் பாதைக்குக் கீழே திடல்களையும் திறந்த வெளிகளையும் விட்டுவைக்கின்றனவா என்று குடியிருப்பாளர்கள் கேட்க வேண்டும்.

கீழே இருப்பவர்களின் பாதுகாப்பும் முக்கியம். எல்மினாவில் மாண்ட இருவரைப்போல், வேலைக்காகச் சாலையில் இருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். மின்னழைப்பு வாகனம் ஓட்டுவோரும் உணவு விநியோகிப்போரும் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் சந்தா செலுத்த வேண்டும். வேலை நேரத்தில் எதிர்பாராதது நடந்தால் குடும்பத்திற்குக் கைகொடுப்பது அதுதான். சந்தா நடப்பில் உள்ளதா என்பதை இன்றே பார்த்துக்கொள்வது நல்லது.

விமானம் விழுந்த இடத்திற்கு முதலில் ஓடி வருவது பெரும்பாலும் அக்கம்பக்கத்து மக்களே. எரிபொருள் கசியும் இடத்தில் சிகரெட்டோ, நெருக்கமாகக் கூடிய கூட்டமோ ஆபத்து. 999 எண்ணுக்கு அழைத்து, இடத்தின் அடையாளத்தைத் தெளிவாகச் சொல்லி, தீயணைப்பு வண்டிக்கு வழிவிட வேண்டும். சிதறிய பாகங்களைத் தொடக்கூடாது; அவை விசாரணைக்கான சாட்சிகள். மாண்டவர்களின் படங்களைப் புலனத்தில் பகிர்வதால் யாருக்கும் நன்மையில்லை. அவர்களின் வீட்டாரும் அதே கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள்.