வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமாம்! சைக்கிள் கடையில் அந்தக் கதை வேண்டாம்



"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்ற பழமொழியை நம்மவர்கள் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. சரியான கருவி வாங்கச் சோம்பல்படுகிறவருக்கும் அதுதான் கேடயம், வாங்கக் காசு எடுக்க மனமில்லாதவருக்கும் அதுதான் கேடயம். இன்று அந்தப் பழமொழியோடு சண்டை போடப் போகிறேன், சைக்கிளின் பி.பி. செட்டை முன்னால் வைத்து.

பி.பி. என்றால் பாட்டம் பிராக்கெட். இரண்டு பக்கத்துக் கிராங்கையும் இணைக்கும் அச்சு, அதைச் சுற்றி உருளும் குண்டுகள், குண்டுகளைத் தாங்கும் கப்புகள், எல்லாம் சேர்ந்த தொகுதி. மிதிக்கிற பலம் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். மிதித்தால் 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறதென்று ஒரு கடையில் விட்டார்கள். அங்கே வலப்பக்கக் கப்பில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், அதுவும் எதிர்த்திசையில். கப் உடைந்தது, ஃபிரேமின் உள்மரையும் போயிற்று. சில்லறைச் செலவில் முடிய வேண்டியது ஃபிரேமுக்கே உலை வைத்துவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது டியூஷன் முடிந்து இருட்டில் நடந்து வருகிறாள்.

இதைத் 'தலையெழுத்து' என்கிறார்கள். தலையெழுத்து இல்லை ஐயா, மரை தெரியாத வேலை!

நம் சைக்கிள்களில் பெரும்பாலும் இருப்பது ஆங்கிலேய முறை மரை: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. இடப்பக்கக் கப் வழக்கம்போலக் கழலும். செயின் இருக்கும் வலப்பக்கத்தில் மரை தலைகீழ்; கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கழலும். காரணம் உண்டு. ஓடும்போது குண்டுகள் கப்பை, அச்சு சுற்றும் திசைக்கு எதிராக மெல்ல நகர்த்தப் பார்க்கும். வலப்பக்கத்திலும் வழக்கமான மரை இருந்தால் மிதிக்க மிதிக்கக் கப் தளர்ந்துவிடும். இத்தாலிய முறையில் இரண்டு பக்கமும் வழக்கமான மரைதான். அந்த வண்டிகளில் வலப்பக்கக் கப் தளர்வது பழகிப்போன தொல்லை.

அடுத்தது கருவி. கையில் இருப்பதைப் பார்த்து வேலையைத் தொடங்காதீர்கள். வண்டியைப் பார்த்துக் கருவியை எடுங்கள்.

1. பழைய கறுப்பு சைக்கிள், காட்டர் பின் வைத்தது: பின்னைத் தள்ளி எடுக்கப் பிரஸ் உண்டு, அதுவே உத்தமம். சுத்தியல்தான் என்றால், கிராங்குக்கு அடியில் கனமான குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து அடியுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் ஒவ்வோர் அடியும் குண்டு வழியாகக் கப்பில் குழி போடும். கப் கழற்ற, வளையத்துக்குக் கொக்கி ஸ்பேனரும் இடப்பக்கக் கப்புக்கு முள் ஸ்பேனரும் வேண்டும். இடப்பக்கம் திறந்தாலே அச்சும் குண்டும் வெளியே வந்துவிடும். வலப்பக்கக் கப் தேயாமல் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம், இருந்த இடத்திலேயே துடைத்துக் கிரீஸ் வையுங்கள்.

2. சதுர முனை அச்சு: போல்ட்டைக் கழற்றி, வாஷரையும் எடுத்த பிறகு, 22 மி.மீ. மரையுள்ள கிராங்க் புல்லரை முழுக்க முறுக்கி இறக்க வேண்டும். வாஷரை மறந்தாலோ, பாதி மரையில் இழுத்தாலோ, அலுமினியக் கிராங்கின் மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

3. சீல் செய்த கார்ட்ரிட்ஜ்: உள்ளே 20 பல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, அதற்குரிய டூலை வாங்குங்கள். பைப் ரெஞ்ச் இங்கே எதையும் பிடிக்காது.

4. கப் வெளியே தெரியும் விலை உயர்ந்த வண்டி: பெரும்பாலும் 16 வெட்டு, 44 மி.மீ. விட்டமுள்ள ரெஞ்ச். கிராங்குக்குப் புல்லர் தேவையில்லை.

"எங்க தாத்தா ஐம்பது வருஷம் உளியும் சுத்தியலும் வச்சே ஓட்டினாரு" என்று நம் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் வாதாடினார். ஓட்டியிருப்பார். எத்தனை கப்பை மாற்றினார் என்று கணக்கு வைத்திருந்தாரா? அன்று பாகங்கள் கனத்த இரும்பு, அடி தாங்கின. இன்றைய அலுமினியம் தாங்காது.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரிடம், பெங்களூரிலும் துபாயிலும் சம்பாதிக்கும் நாம் இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். "பத்து நிமிஷத்துல முடிச்சுக் குடுங்க" என்று தலைமேல் நிற்கிறோம். அப்புறம் அவர் எதை வைத்து டூல் வாங்குவார்? ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். மறுநாள் திருப்புளியை உளியாக்கி அடிக்கிறோம். இதற்குப் பெயர் பக்தியா?

இன்னொரு கூட்டம், வீடியோ பார்த்துவிட்டு ஐம்பது டூல் உள்ள பெட்டியை வாங்கிப் பரணில் போடுகிறது. அதுவும் வீண். உங்கள் வண்டிக்கு இரண்டு அல்லது மூன்று கருவி போதும். சில நூறு ரூபாய்தான், ஒரு முறை ஓட்டலில் குடும்பத்தோடு சாப்பிடும் காசு. கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துப் போய், "அண்ணே, இதுல கழட்டுங்க" என்று கொடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டாம், பீரோவில் இடமில்லை. பேட்ச்சுக்கு ஒரு செட் என்று கொக்கி ஸ்பேனர், முள் ஸ்பேனர், கிராங்க் புல்லர், கார்ட்ரிட்ஜ் டூல் நான்கும் வாங்கி, நீங்கள் படித்த பள்ளிக்கூட வாசலில் இருக்கும் சைக்கிள் கடைக்குக் கொடுங்கள். எந்த பேட்ச் முதலில் என்று கீழே எழுதுங்கள். நான் குறித்துக்கொள்கிறேன்.