கூட்டினால் எல்லாம் சரியா?

"நிர்ப்பீடனத்தைக் கூட்டுங்கோ" எண்டு தேயிலைப் பக்கற்றிலிருந்து வட்ஸ்அப் வரை எங்களுக்கு அறிவுரை வருகிறது. எதைக் கூட்டுறது எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லுறேல்லை.

மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயைப் பாருங்கள். உடலைக் காக்க வேண்டிய கலங்களே மூளையிலும் முண்ணாணிலும் நரம்புகளைச் சுற்றியுள்ள மயலின் கவசத்தைத் தாக்குகின்றன. அந்தத் தாக்குதலை மூட்டுவதிலும் அடக்குவதிலும் சைற்றோகைன்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் புரதங்கள் இவை.

1987இல் வெளியான ஆய்வொன்றில் இந்நோயாளிகள் 18 பேருக்கு இன்ரர்ஃபெரோன் காமா கொடுத்தார்கள். 7 பேருக்கு நோய் திரும்பவும் கிளம்பியது. அதன் உறவுக்காரரான இன்ரர்ஃபெரோன் பீற்றாவோ நோய் திரும்புவதைக் குறைத்தது. 1993இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

அப்ப, அழற்சியைத் தூண்டுகிற சைற்றோகைனை மறித்தால் சரிதானே? அதுவும் இல்லை. ரி.என்.எஃப். என்ற சைற்றோகைனை மறிக்கும் மருந்துகள் மூட்டுவாதத்துக்கு நல்ல பலன் தருகின்றன. ஆனால் 1999இல் வெளியான ஆய்வில் அப்படியொரு மருந்து மல்ரிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு நோய்த் தாக்கங்களைக் கூட்டியது. மயலினைத் திருத்தவும் ரி.என்.எஃப். உதவுகிறது என்று பின்னர் எலிகளில் கண்டார்கள்.

வானொலிச் சத்தம் மாதிரிக் கூட்டிக் குறைக்க நிர்ப்பீடனத்துக்கு ஒரேயொரு திருகி இல்லை. இப்படியான நோயோடு வாழுறவையிட்ட "சக்தி கூடுமாம், குடியுங்கோ" எண்டு பொடியை நீட்டுறதுக்கு முதல், "டொக்டரிட்டக் கேட்டனீங்களா?" எண்டு கேட்பம். அக்கறை எண்டால் அதுதான்.