அசோகன் என்று முழுதாகக் கூப்பிடுங்கள்

எங்கள் காலனி இரவுப் பாடசாலைக்கு வரும் கல்லூரி மாணவன் ஒருவன் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். பெயர் அசோகன். "அண்ணே, இது சமஸ்கிருதப் பேராம். உனக்கு எதுக்குடா ஆரியப் பேருன்னு கூடப் படிக்கிறவன் கேக்குறான். கெசட்ல மாத்திடலாமா?"

அந்த நண்பன்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. வேதாசலம் 1916இல் மறைமலையடிகள் ஆன மண் இது. நானும் தமிழ் படித்தவன்தான். என் பிள்ளைகள் இருவருக்கும் தமிழ்ப் பெயர்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்தப் பெயரை மாற்றிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சோகம் என்றால் துயரம். முன்னால் நிற்கும் 'அ' அதை இல்லை என்கிறது. துயரமற்றவன், அவ்வளவுதான் பொருள். மரத்துக்கும் இதே பெயர். தமிழில் அதற்குப் பிண்டி என்றும் செயலை என்றும் பெயருண்டு. குறிஞ்சிப்பாட்டின் பூக்களுக்கு நடுவே பிண்டியும் இருக்கிறது. (பள்ளிக்கூடச் சுவரோரம் நெட்டையாக நிற்பதை அசோக மரம் என்கிறோமே, அது நெட்டிலிங்கம். உண்மையான அசோகு ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும்.)

மாமன்னனுக்கு இந்தப் பெயர் வந்ததற்கு அசோகாவதானம் என்ற பௌத்த நூல் ஒரு கதை சொல்கிறது. பாடலிபுத்திரத்து அரண்மனைக்கு வந்த ஒரு பிராமணப் பெண்ணின் அழகைக் கண்டு பொறாமைப்பட்ட அந்தப்புரத்துப் பெண்கள், அவளை முடிதிருத்தும் வேலையில் தள்ளிவிடுகிறார்கள். அவள் வேலையில் மகிழ்ந்த அரசன் பிந்துசாரன், என்ன வேண்டும் கேள் என்கிறான். உங்களோடு வாழ வேண்டும் என்கிறாள். நான் சத்திரியன், நீயோ நாவிதப் பெண், எப்படி முடியும் என்கிறான் அவன். தான் இன்னார் மகள் என்று சொன்ன பிறகுதான் ராணியாகிறாள். பிள்ளை பிறந்ததும், இனி எனக்குத் துயரமில்லை என்கிறாள். அதுவே பிள்ளைக்குப் பெயராகிறது. கதைதான். ஆனால் கதையிலும் முதலில் வந்து நிற்பது சாதிதான், பாருங்கள். அவள் நிஜமாகவே நாவிதர் வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் அந்தப் பெயர் பிறந்திருக்குமா என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

கல்வெட்டுக்கு வருவோம். அசோகர் தன்னைப் பெரும்பாலும் தேவானாம்பிய பியதசி என்றே குறித்துக்கொண்டார். 1837இல் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்த பிறகும், கல்லில் அசோகர் என்ற பெயர் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1915இல் கர்நாடகத்தின் மஸ்கியில் கிடைத்த பாறையில்தான் அது இருந்தது. அந்தக் கல்வெட்டின் மொழி சமஸ்கிருதமல்ல, மக்கள் பேசிய பிராகிருதம். சமஸ்கிருதத்தின் தனி 'ஶ' ஒலிகூட அதில் இல்லை. ஆகவே இது சமஸ்கிருதச் சொல்தான் என்றாலும், பூசாரி வாயில் மட்டும் புழங்கிய சொல்லல்ல.

அந்தப் பெயர்க்காரர் என்ன எழுதி வைத்தார்? கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று தன் கணக்கைத் தானே பாறையில் வெட்டி, அதற்காக வருந்துகிறேன் என்றார். துயரமற்றவன் என்று பெயர் வைத்துக்கொண்டு துயரத்தைக் கல்லில் பொறித்த அரசன். அடிமைகளையும் வேலையாட்களையும் முறையாக நடத்துங்கள் என்பதையும் அவர் பாறையில் எழுதினார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14ஆம் நாளை, அசோக விஜயதசமியை, நாகபுரியில் பௌத்தம் தழுவத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை.

இப்போது மனுவைப் பாருங்கள். இரண்டாம் அத்தியாயத்தில் பெயர் வைக்கும் விதி வருகிறது. பிராமணன் பெயர் மங்கலமாக, சத்திரியன் பெயர் வலிமையாக, வைசியன் பெயர் செல்வமாக, சூத்திரன் பெயர் இழிவாக இருக்க வேண்டுமாம். நாம் அந்த நான்கிலும் இல்லை!

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி எல்லாம் நம் தெருவில் மட்டும் வைத்த பெயர்களல்ல, உண்மைதான். முன்னே பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் உருட்டிக் குப்பன் என்று வைப்பது ஊர்த்தெருவிலும் உண்டு. ஆனால் அங்கே குப்பன் வளர்ந்து குப்புசாமி ஆவார். காலனியில் குப்புசாமி என்று வைத்தாலும் குப்பன்தான். அந்த 'சாமி'யைச் சொல்ல ஊர் நாக்கு புரளாது.

நம் மாணவனின் தாத்தா பெயர் குப்பன். அப்பா அம்பேத்கர் மன்றத்தில் படித்துவிட்டு மகனுக்கு அசோகன் என்று வைத்தார். அவர் கூலிக்குப் போன வீட்டில், "ராசா பேரா வெச்சிருக்க?" என்று சிரித்தார்களாம். இன்றும் ஊர்த்தெருவில் அவன் "குப்பன் பேரன்"தான். சமஸ்கிருதம் என்பதற்காக அங்கே யாரும் அவன் பெயரைத் தவிர்க்கவில்லை. நாளை அவன் இளஞ்செழியன் ஆனாலும் அங்கே குப்பன் பேரன்தான்.

வேண்டுமானால் மாற்றிக்கொள், அப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்தான்.

"என்னப்பா சொன்னார்?"

"மாத்துறதுன்னா மாத்திக்க, ஆனா அந்தப் பண்ணை வீட்டுக்காரர் உன்னை ஒரு தடவையாவது அசோகன்னு முழுசா கூப்பிட்ட பிற்பாடு மாத்துன்னு சொல்லிட்டாருண்ணே."