தகவல் என்றொரு வசை

ராஜம் கிருஷ்ணனை ஒரே வார்த்தையில் முடித்துவிடும் பழக்கம் அவர் 2014ல் மறைந்த பின்னும் நம் விமர்சகர்களை விடவில்லை. 'தகவல்' என்பது அந்த வார்த்தை. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போனார், ஆட்களைக் கண்டார், 1979ல் 'கரிப்பு மணிகள்' வந்தது. ஆகவே அது கலை அல்ல, களக்குறிப்பு. இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்பதில்லை.

இவர்களில் பலர் என்னைப் போல ஆங்கில பி.ஏ.க்கள். எலிசபெத் கேஸ்கல் என்றால் மரியாதை காட்டுவார்கள். 1848ல் வந்த அவருடைய 'மேரி பார்ட்டன்' மான்செஸ்டர் பஞ்சாலைத் தொழிலாளிகளைப் பற்றியது. அதில் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு தேநீர் விருந்து. ஆளுக்கொரு முட்டை, ஐந்து பென்ஸ். ஒரு பென்னிக்குப் பால். வீட்டில் இருப்பது ஆறு கோப்பை, ஆகையால் விருந்துக்கு வரும் ஆலிஸ் தன் கோப்பையைத் தானே கொண்டுவர வேண்டும். பிற்பாடு, காய்ச்சலில் கிடக்கும் இன்னொரு குடும்பத்துக்காக ஜான் பார்ட்டன் தன் நல்ல கோட்டையும் பட்டுக் கைக்குட்டையையும் ஐந்து ஷில்லிங்குக்கு அடகு வைக்கிறான். நகைக்கடன் சீட்டு எழுதியே நாளைக் கழிக்கிற எனக்கு அந்த ஐந்து ஷில்லிங்கில்தான் பார்ட்டன் ஆளாகத் தெரிகிறான்.

கேஸ்கல் சறுக்குவது தகவலில் அல்ல, பயத்தில். 1839ல் சாசன இயக்கத்தின் மனுவைப் பாராளுமன்றம் உதறித் தள்ளிய பிறகு பார்ட்டன் முதலாளியின் மகனைக் கொல்கிறான். கடைசியில் அந்த முதலாளியின் கைகளிலேயே மன்னிப்போடு சாகிறான். மகள் கனடாவுக்குக் கப்பலேறிவிடுகிறாள். ரேமண்ட் வில்லியம்ஸ் 1958லேயே இந்தப் பயத்தைச் சுட்டிக்காட்டினார். அவருக்கு முன்பு 1934ல் டேவிட் செசில், அம்மையாரைப் புறா என்று தடவிக்கொடுத்திருந்தார். புறா, தகவல், இரண்டும் படிக்காமல் தப்பிக்க உதவுபவை.

ராஜம் கிருஷ்ணனிடம் குறை உண்டு. பாத்திரங்கள் பல இடங்களில் ஆசிரியரின் குரலில் பேசிவிடுகின்றன. அதைப் பக்கம் காட்டிச் சொல்லட்டும். பொன்னாச்சி எங்கே உயிரோடு நிற்கிறாள், எங்கே வெறும் கருத்தாகிவிடுகிறாள் என்று சொல்லட்டும்.

எங்கள் புதுச்சேரிப் பக்கத்துக்கு வருகிறேன். 1936 ஜூலை 30ல் சவானா ஆலையில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 தொழிலாளிகள் மாண்டார்கள். மறு ஆண்டு எட்டுமணி நேர வேலை வந்தது. இன்று ஆலைகளே மூடிக் கிடக்கின்றன. நெட்டப்பாக்கத்தில் இருக்கிற எனக்கும் அந்த 12 மனப்பாடம். ஆனால் அன்று காலை அந்த வீடுகளின் உலையில் என்ன இருந்தது, யாரிடம் எவ்வளவு கைமாற்று? முதலியார்பேட்டைக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். அப்படிக் கேட்டு எழுதப்போகிறவருக்கு என்ன வசையைத் தயாராக வைத்திருக்கிறோம்?