முட்டையை உரிப்பதில் என்ன இருக்கிறது?

மலேசியர்களின் உணவில் அவித்த முட்டைக்குத் தனி இடம் உண்டு. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தால் நெத்திலிக்கும் சம்பலுக்கும் பக்கத்தில் அரை முட்டை இருக்கும். மலாய்த் திருமணங்களில் ‘புங்கா தெலூர்’ எனப்படும் அலங்கரித்த முட்டையை விருந்தினருக்கு அளிப்பது மரபு. சீனக் குடும்பங்களில் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை உறவினர்களுக்குக் கொடுப்பர். நம் வீடுகளிலோ முட்டைக் குழம்பு என்றாலே ஒரு கவளம் சோறு கூடுதலாக இறங்கும். இப்படி எல்லா இனத்தாரும் விரும்பும் முட்டையைச் சிதைக்காமல் உரிக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓட்டை உரிக்கும்போது வெள்ளைக்கருவும் சேர்ந்து பிய்ந்துவரும். இறுதியில் நம் கையில் இருப்பது பாதி முட்டைதான். ‘இதெல்லாம் ஒரு பெரிய செய்தியா?’ என்று சிலர் கேட்கலாம். பெரிய செய்திதான் என்பது என் கருத்து. ஒரு வேலையைக் காரணம் அறிந்து செய்வதற்கும், யாரோ சொன்னார் என்பதற்காகச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை முட்டை நமக்கு எளிதாகக் காட்டிவிடுகிறது.

முட்டை உரிப்பது பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீரில் உப்புப் போடு என்பார் ஒருவர். வினிகர் ஊற்று என்பார் இன்னொருவர். சற்றுப் பழைய முட்டையாகப் பார்த்து எடு என்பார் பாட்டி. இவற்றுள் எதை நம்புவது? முதலில் முட்டையின் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும்.

முட்டை ஓட்டின் உட்புறத்தில் மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. வெள்ளைக்கரு வேகும்போது இந்தச் சவ்வோடு ஒட்டிக்கொள்வதுதான் நம் தொல்லைக்குக் காரணம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகளும் உள்ளன. புதிய முட்டையின் வெள்ளைக்கருவில் கரைந்திருக்கும் கரியமில வாயு, நாளடைவில் அத்துளைகளின் வழியாக வெளியேறுகிறது. அதனால் வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. காரத்தன்மை கூடக் கூட, அது சவ்வோடு ஒட்டும் வலிமை குறைகிறது. ஆகவே, பாட்டியின் சொல்லுக்கு அறிவியல் காரணம் இருக்கிறது. உப்பின் கதை வேறு. கொதிக்கும் சில நிமிடங்களில் அது ஓட்டைக் கடந்து உள்ளே சென்று பெரிய மாற்றம் எதையும் செய்துவிடாது. ஓடு விரிசல் கண்டால், வெளியே கசியும் வெள்ளைக்கரு விரைவில் கெட்டியாவதற்கு மட்டுமே அது உதவும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது தண்ணீரின் தொடக்க வெப்பநிலை. பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டுச் சூடாக்கினால், வெள்ளைக்கரு மெதுவாகக் கெட்டியாகிச் சவ்வோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. கொதிக்கும் நீரில் இட்டால் அது சட்டென்று கெட்டியாவதால் அந்தப் பிடிப்புத் தளர்கிறது. அமெரிக்க உணவு எழுத்தாளர் ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் நூற்றுக்கணக்கான முட்டைகளை அவித்துச் சோதித்து, சூட்டில் தொடங்குவதே சிறந்தது என்ற முடிவுக்கு வந்தார்.

எனவே, தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் முட்டையை மெல்ல உள்ளே இறக்குங்கள். தீயைக் குறைத்து 11 அல்லது 12 நிமிடங்கள் வேகவிடுங்கள். பிறகு பனிக்கட்டி போட்ட நீரில் 10 நிமிடங்கள் வையுங்கள். அளவுக்கு மீறி வேகும்போது மஞ்சள் கருவைச் சுற்றித் தோன்றும் பச்சை வளையத்தையும் இது தடுக்கும். முட்டையின் அகன்ற முனையில் சிறு காற்றறை இருப்பதால், அங்கிருந்து உரிக்கத் தொடங்குங்கள். நீருக்குள் வைத்து உரித்தால் சவ்வுக்கும் வெள்ளைக்கருவுக்கும் இடையே நீர் புகுந்து வேலையை எளிதாக்கும்.

‘படிக்கவே நேரமில்லை, சமையலை வீட்டில் அம்மா பார்த்துக்கொள்வார்’ என்று சில மாணவர்கள் நினைக்கலாம். பள்ளிப் பாடங்களின் சுமை உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், சாப்பிடுவது எல்லாருக்கும் பொது என்றால், சமைப்பது மட்டும் ஒருவரின் கடமையாக எப்படி இருக்க முடியும்? இதில் ஆண், பெண் என்ற வேறுபாடும் தேவையில்லை. முட்டையிடும் கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்பார்கள். பத்து முட்டைகளை உரித்துப் பார்த்தவருக்குத்தான், விடியற்காலையில் எழுந்து கூடை கூடையாக முட்டை உரிக்கும் நாசி லெமாக் வியாபாரியின் உழைப்புப் புரியும்.

நான் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே நாளில் வாங்கிய நான்கு முட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டைக் கொதிநீரிலும் இரண்டைப் பச்சைத் தண்ணீரிலும் தொடங்கி, பெரியவர் ஒருவரின் துணையோடு அவியுங்கள். நீர் கொதிக்கும் நிலையில் நான்கும் ஒரே அளவு நேரம் வேகட்டும். ஒரே மாதிரி குளிரட்டும். எது எந்த முறையில் வெந்தது என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து உரிக்கச் சொல்லுங்கள். ஒரு முறை கிடைத்த முடிவு தற்செயலாகவும் இருக்கலாம். அதனால், அடுத்த வாரமும் செய்து பாருங்கள்.

இந்தப் பழக்கம் சமையலறையோடு நின்றுவிடக் கூடாது. நம் கைப்பேசிக்கு நாள்தோறும் எத்தனையோ அறிவுரைகள் வருகின்றன. இதைக் குடித்தால் நோய் தீரும், அதைத் தின்றால் நினைவாற்றல் பெருகும் என்று அவை சொல்கின்றன. முட்டை பற்றிய குறிப்புத் தவறினால் சில காசுதான் நட்டம். மருந்து பற்றிய குறிப்புத் தவறினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அத்தகைய செய்திகளை நம் உடம்பில் சோதித்துப் பார்க்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும். ஆனால், ‘இதற்குக் காரணம் என்ன? யார் சோதித்தார்கள்?’ என்ற கேள்விகளை இரண்டிடத்திலும் எழுப்பியாக வேண்டும். பிறருக்கு ஒரு செய்தியை அனுப்பும் முன் அவ்வாறு கேட்கும் மாணவரே உண்மையில் அறிவியல் கற்றவர்.