ஓங்கி அடிப்பதல்ல டேபிள் டென்னிஸ்

டேபிள் டென்னிஸில் பலமாக அடிப்பவரே நல்ல ஆட்டக்காரர் என்ற நம்பிக்கை பள்ளிக்கூடங்களிலும் மனமகிழ் மன்றங்களிலும் வேரூன்றிக் கிடக்கிறது. மட்டையைப் பிடித்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் ஸ்மாஷ் அடிக்கப் பார்க்கிறார்கள்; வேடிக்கை பார்ப்பவர்களும் அதற்குத்தான் கைதட்டுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. வளர வேண்டிய ஆட்டத்தை முளையிலேயே கெடுப்பதும் இதுதான்.

மேசையின் அளவே இதற்குச் சான்று. நீளம் 2.74 மீட்டர், நடுவில் வலையின் உயரம் 15.25 செ.மீ. மேசை விளிம்புக்கு நேர் மேலே அடிபடும் பந்து நேர்கோட்டில் பாய்ந்து எதிர் விளிம்பில் விழ வேண்டுமானால், மேசையிலிருந்து குறைந்தது 30.5 செ.மீ. உயரத்தில் அது அடிபட்டாக வேண்டும். ஈர்ப்பு விசை பாதையைச் சற்று வளைத்துக் கொடுக்கும். வேகம் கூடக்கூட அந்த உதவியும் குறையும். தேர்ந்த எதிராளி அவ்வளவு உயரமாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது அரிது. தாழ்ந்து வரும் பந்தை ஓங்கி அடித்தால் ஒன்று வலையில் மோதும், இல்லையேல் மேசையைத் தாண்டிப் போகும்.

அத்தகைய பந்துக்கு உரியது டாப்ஸ்பின். மட்டையைச் சற்றுக் கவிழ்த்து, பந்தைக் கீழிருந்து மேலாக உரசினால் அது முன்னோக்கிச் சுழலும். சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்துவதால், வலைக்கு நன்றாக மேலே போன பந்தும் மேசைக்குள் இறங்கிவிடும். எதிராளி கட் செய்து, அதாவது பின்னோக்கிச் சுழலவிட்டு, அனுப்பிய பந்தோ, மட்டையை நேராக வைத்துத் தொட்டாலே வலைக்குள் விழும். அதற்கு மட்டையை மல்லாத்தி, பந்தின் அடிப்பகுதியை வருடிப் புஷ் செய்ய வேண்டும். ஸ்மாஷில் மட்டும் ஊறியவர்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுவே.

சுழற்சி இவ்வளவு முக்கியமானதில் மட்டைக்கும் பங்குண்டு. 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சடோ ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்து ஒற்றையர் பட்டம் வென்றார். பின்னர் ஸ்பாஞ்சும் ரப்பரும் சேர்ந்த மட்டை பரவியதும், சுழற்சியே ஆட்டத்தின் உயிர்நாடி ஆனது.

அடியின் வலிமையும் கையிலிருந்து மட்டும் வருவதில்லை. தோள் அகலத்துக்கும் சற்று அதிகமாகக் கால்களை விரித்து, முழங்காலை மடக்கி, குதிகாலில் பாரம் ஏற்றாமல் நிற்க வேண்டும். வலக்கைக்காரர் ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் ஆடும்போது உடல் எடை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறும், இடுப்பு திரும்பும், பிறகே முழங்கை, கடைசியில்தான் மணிக்கட்டு. மட்டையை இறுக்கிப் பிடித்தால் இந்தத் தொடர் மணிக்கட்டில் அறுந்துபோகும். சென்னையின் சரத் கமல் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 40. அவருடைய புகழ்பெற்ற ஃபோர்ஹேண்டை வெறும் கைவேகம் என்று எண்ணுபவர்கள் அவருடைய கால்களைப் பார்க்கத் தவறியவர்கள்.

அதிகம் புறக்கணிக்கப்படுவது சர்வீஸ். எதிராளியின் குறுக்கீடு சிறிதும் இல்லாத ஒரே அடி அது. விரித்த உள்ளங்கையிலிருந்து பந்தைக் குறைந்தது 16 செ.மீ. மேலே எறிந்து, கீழே இறங்கும்போது அடிக்க வேண்டும்; எதிராளியின் கண்ணுக்கு அதை மறைக்கக் கூடாது. ஒரே கையசைவில் ஒரு முறை கட்டும் மறுமுறை சுழற்சியற்ற பந்தும் அனுப்பக் கற்றவருக்கு, ஸ்மாஷ் அடிக்கத் தோதான உயரப் பந்து எதிராளியிடமிருந்தே வரும். இதைப் பழக ஒரு மேசையும் ஒரு கூடைப் பந்தும் போதும். எதிரில் ஆள்கூட வேண்டாம்.