திரையில் 4 கோடி டாலர், கையில் 2 டாலர்... கேசினோ மெஷின்கள் யாரிடம் பேசுகின்றன?

2016 ஆகஸ்ட் மாதம். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு கேசினோ. ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் திரையில் திடீரென்று ஓர் எண் வந்து நின்றது: 4,29,49,672.76 டாலர். தலைகால் புரியாத சந்தோஷத்தில், அந்தத் திரையோடு சேர்ந்து ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார் அவர்.

கேசினோ ஊழியர்கள் வந்து பார்த்தார்கள். ‘மெஷினில் கோளாறு’ என்றார்கள். மாநில கேமிங் ஆணையமும் அதையேதான் சொன்னது. அந்த ஆட்டத்துக்கு மெஷின் அச்சிட்டுக் கொடுத்த சீட்டில் இருந்த தொகை 2.25 டாலர். கூடவே ஒரு ஸ்டேக் டின்னர் தருகிறோம் என்று கேசினோ சொன்னதாக அப்போது உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அந்தப் பெண்மணி வழக்குப் போட்டார்.

‘ஏழைக்கு ஒரு நியாயம், கேசினோவுக்கு ஒரு நியாயமா?’ என்று யாருக்கும் கோபம் வரும். ஆனால், அந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறொரு கதை தெரியும்.

கம்ப்யூட்டர்கள் எண்களை 0, 1 என்ற கட்டங்களில்தான் எழுதி வைக்கும். 32 கட்டங்கள் கொடுத்தால், அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. இதை சென்ட் கணக்காக எடுத்துக்கொண்டால் 4,29,49,672.95 டாலர். நியூயார்க் திரையில் வந்த தொகை அதைவிட வெறும் 19 சென்ட்தான் குறைவு!

பழைய பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கும்போது பின்னால் ஒரு சுற்று சுற்றினால் 99999 என்று காட்டும் இல்லையா? அதேபோல, 32 கட்ட மீட்டர் பூஜ்யத்தில் இருக்கும்போது அதிலிருந்து 20 சென்ட் கழித்தால், அந்த செல்ஃபியில் இருக்கும் அதே எண் அச்சு அசலாக வரும். 2008 டிசம்பரில் கனடாவின் ஒன்டாரியோவிலும், 2010-ல் அமெரிக்காவின் கொலராடோவிலும் இதேபோல கிட்டத்தட்ட 4.29 கோடி டாலர் திரையில் தோன்றியது. அங்கேயும் ‘கோளாறு’ என்றுதான் பதில் வந்தது. அதிர்ஷ்ட தேவதை மூன்று ஊர்களிலும் ஒரே தொகையையா எடுத்துக்கொண்டு வருவாள்?

அப்படியானால் திரையை நம்பக் கூடாது. சரி, வேறு எதை நம்புவது? மெஷினுக்கும், அதோடு இணைந்திருக்கும் மத்திய கம்ப்யூட்டருக்கும் இடையே நடக்கும் பேச்சை! ஸ்லாட் மெஷின் தனியாக நிற்கிற பெட்டி மாதிரி தெரியும். உண்மையில் அதன் வாய் ஒரு நொடிகூட மூடுவதில்லை.

அயோவா பாட்டியும் வராத போனஸும்

இந்தப் பேச்சு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அயோவா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு உதாரணம். 2011 ஜூலையில், உறவினர்கள் ஒன்றுகூடும் விழாவுக்காக வாட்டர்லூ நகரத்துக்கு வந்திருந்தார் 87 வயது மூதாட்டி ஒருவர். அங்கிருந்த ஐல் கேசினோவில் ஒரு சென்ட் மெஷினில் விளையாடினார். மெஷினின் பெயர் ‘மிஸ் கிட்டி’. அவருடைய ஆட்டத்துக்கு உண்மையில் கிடைத்த பரிசு 1.85 டாலர். ஆனால், ‘போனஸ் 4,17,97,550.16 டாலர்’ என்று திரையில் ஒரு செய்தி வந்துவிட்டது.

கேசினோ தர மறுத்தது. மாநில ஆணையம் மெஷினின் உள்பாகங்களையும் புரோகிராமையும் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மத்திய கம்ப்யூட்டர் விரும்பினால் ஏதாவது ஒரு மெஷினுக்கு போனஸ் அனுப்பலாம் என்ற வசதி அந்த வகை மெஷின்களில் இருந்தது. அந்த கேசினோ அந்த வசதியைப் பயன்படுத்தவே இல்லை. யாரும் அனுப்பாத போனஸை, அனுப்பியதாக மெஷின் எடுத்துக்கொண்டிருக்கிறது. யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது என்று நாம் சில நேரம் திரும்பிப் பார்ப்போமே, அப்படி! இதுபோல தவறான போனஸ் தோன்றக்கூடும் என்று தயாரிப்பு நிறுவனம் முந்தைய ஆண்டே கேசினோக்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்ததும் வழக்கில் தெரியவந்தது.

2015-ல் அயோவா உச்ச நீதிமன்றம் மூதாட்டிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. காரணம், ‘கோளாறு ஏற்பட்டால் பரிசு செல்லாது’ என்று மெஷினில் எழுதியிருந்த வாசகம்கூட இல்லை. அந்த விளையாட்டின் விதிமுறைகளில் போனஸ் என்ற ஒன்றே கிடையாது, விதிமுறைதான் இருவருக்கும் இடையேயான ஒப்பந்தம் என்றது நீதிமன்றம். சட்டப்படி சரி. ஆனால், தன் மெஷினுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பதை அந்த மூதாட்டி தானாகத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. கேசினோ சொன்னதைக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பரிசோதனைக் கூடம் சொன்னதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

‘எவ்வளவு போட்டார்கள்? கதவு மூடியிருக்கிறதா?’

மெஷின்கள் அப்படி என்னதான் பேசும்? எவ்வளவு பணம் உள்ளே வந்தது, எவ்வளவு பரிசு போனது, எத்தனை ஆட்டம் நடந்தது, கதவை யாராவது திறந்தார்களா, நோட்டு சிக்கிக்கொண்டதா... எல்லாம்தான். பணம் எடுப்பதுகூட இந்தப் பேச்சில்தான் நடக்கிறது. சினிமாவில் வருகிற மாதிரி இப்போது காசு கலகலவென்று கொட்டுவதில்லை. 2000-களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க கேசினோக்களில் பார்கோடு சீட்டு வந்துவிட்டது. அந்தச் சீட்டை வேறு மெஷினில் செருகினால், ‘இது நல்ல சீட்டுதானா, பணம் கொடுக்கட்டுமா?’ என்று மெஷின் மத்திய கம்ப்யூட்டரைக் கேட்கும். அங்கிருந்து சரி என்று வந்தால்தான் விளையாட முடியும். பதிலே வரவில்லையென்றால் அந்தச் சீட்டு வெறும் காகிதம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், மொழியில். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கம்பெனியின் மெஷினும் ஒவ்வொரு மொழியில் பேசியது. நான்கு கம்பெனி மெஷின்களை வாங்கிப் போட்ட கேசினோ, நான்கு மொழிபெயர்ப்பாளர்களைப் போல இடையில் நான்குவிதக் கருவிகளை மாட்ட வேண்டியிருந்தது.

போகப் போக ஒரு மொழி மட்டும் எல்லா இடத்திலும் பரவியது. ஐ.ஜி.டி. என்ற நிறுவனம் உருவாக்கிய எஸ்.ஏ.எஸ். மத்திய கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மெஷினையும் நொடிக்குப் பல முறை ‘ஏதாவது விஷயம் உண்டா?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மெஷின் பதில் சொல்லும். நொடிக்கு 19,200 பிட் வேகம்தான். இன்றைக்கு நம் போனில் ஒரு போட்டோ அனுப்ப அந்த வேகம் இருந்தால் காபி குடித்துவிட்டு வரலாம். ஆனால், சின்னச் சின்னத் தகவல்களுக்கு அது போதும். எளிமையானது, மலிவானது, உழைக்கக்கூடியது. அதனால்தான் இன்றும் பெரும்பாலான கேசினோக்களில் அதுவே ஓடுகிறது.

ஒரே உறுத்தல், அந்த மொழியின் உரிமையாளரே மெஷினும் விற்கிறார். தெரு கிரிக்கெட்டில் பேட் யாருடையதோ, அந்தப் பையன் லேசில் அவுட் ஆக மாட்டான் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. போட்டி நிறுவனங்கள் அந்த மொழியைப் பேச அவரிடம் உரிமம் வாங்க வேண்டும். மொழியில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதும் அவர் கையில்.

போட்டியாளர்கள் சேர்ந்து எழுதிய அகராதி

1998-ல் மெஷின் தயாரிப்பாளர்கள் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். கேமிங் ஸ்டாண்டர்ட்ஸ் அசோசியேஷன் என்று அறியப்பட்ட அது, இப்போது சர்வதேச கேமிங் ஸ்டாண்டர்ட்ஸ் அசோசியேஷன். மார்க்கெட்டில் ஒருவரையொருவர் முட்டிக்கொள்பவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பொது மொழிகளை எழுதத் தொடங்கினார்கள். அதில் முக்கியமானது ஜி2எஸ். ‘கேமிலிருந்து சிஸ்டத்துக்கு’ என்பதன் சுருக்கம். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரோடு இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பேசுவதற்கு எஸ்2எஸ் என்று இன்னொன்று.

நம் ஊர் யுபிஐ மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் நம் போனில் இருக்கும் ஆப்பால் பணம் கட்ட முடிகிறது இல்லையா? உள்ளே எல்லோரும் ஒரே மொழி பேசுவதால்தான்.

ஜி2எஸ்ஸில் வந்த மாற்றங்களில் இரண்டு, அயோவா மாதிரியான வழக்குகளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. ஒன்று, மெஷின் கேள்விக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏதாவது நடந்தால் தானே சொல்லும். ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை அந்தத் தகவலைக் கைவசம் வைத்திருக்கும். இணையத்தில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது இருப்பதைப் போன்ற ரகசியப் பூட்டும் உண்டு. வழியில் யாரும் புகுந்து பேச்சை மாற்றுவது கடினம்.

இரண்டாவதுதான் பெரிய விஷயம். ஒரே மெஷின் ஒரே சமயத்தில் பல கம்ப்யூட்டர்களோடு பேசலாம். கணக்கு ஒருவரிடம், ஜாக்பாட் இன்னொருவரிடம், கண்காணிப்பு அரசிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். கேசினோ சொல்வதைக் கேட்டு அரசு எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. மெஷின் சொல்வதை நேரடியாகக் கேட்கலாம்.

மெஷினுக்குள் இருக்கும் புரோகிராம் அனுமதி வாங்கியதுதானா என்று தொலைவிலிருந்தே அதன் ‘கைரேகை’யைக் கேட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. இதன் அருமை நெவாடாவுக்குத் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே கண்காணிப்பு வாரியத்தின் ஊழியர் ஒருவரே, மெஷின்களைச் சோதிக்கும் கருவிக்குள் தன் திருட்டு புரோகிராமை ஒளித்து வைத்தார். சோதிக்கப்பட்ட மெஷின்களுக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. குறிப்பிட்ட வரிசையில் காசு போட்டால் பரிசு விழும்! 1995-ல் அட்லான்டிக் சிட்டியில் கீனோ ஆட்டத்தில் கூட்டாளி 1 லட்சம் டாலர் ஜெயித்தபோதுதான் மாட்டினார். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஒரே ஆளின் கையில் ஒரே கருவி என்று இருந்ததால் நடந்தது அது.

பொது மொழி வந்திருந்தால் அயோவா மூதாட்டிக்கு 4 கோடி டாலர் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது. ஆனால், அந்த போனஸை யாராவது அனுப்பினார்களா, இல்லையா என்ற கேள்விக்கு கேசினோவைச் சாராத ஒரு கம்ப்யூட்டரிலும் பதிவு இருந்திருக்கும். நான்கு வருடம் கோர்ட் வாசலில் நிற்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு பக்கமும் பேச முடிகிற கம்பியில், கேசினோவும் மெஷினுக்கு உத்தரவு அனுப்பலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே விளையாட்டை மாற்றலாம், பரிசு விகிதத்தையும் மாற்றலாம். விளையாடிக்கொண்டிருப்பவருக்குத் தெரியாமல் மாற்றிவிட்டால்? இந்தப் பயத்துக்காகவே நெவாடாவில் ஒரு விதி இருக்கிறது. மெஷின் 4 நிமிடம் யாரும் தொடாமல் சும்மா இருந்தால்தான் மாற்றலாம். மாற்றிய பிறகும் 4 நிமிடம் அதை யாரும் விளையாட முடியாது.

கனடாவில் சில மாகாணங்களின் அரசு லாட்டரி அமைப்புகள் ஜி2எஸ்ஸுக்கு மாறியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து அரசு, யாருக்காகவும் காத்திருக்காமல் க்யூகாம் என்று தானே ஒரு மொழியை எழுதிக்கொண்டது. மற்றபடி, ஓடுகிற மெஷினை எதற்கு நோண்டுவது என்றுதான் பல கேசினோக்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான மெஷின்களை மாற்றும் செலவை ஏற்க அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நார்வே இந்தக் கம்பியை முற்றிலும் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டது. சூதாட்ட அடிமைத்தனம் பெரிய பிரச்னையாகிவிட்டது என்று, 2007 ஜூலையில் நாடு முழுவதும் இருந்த பழைய ஸ்லாட் மெஷின்களை மொத்தமாகத் தடைசெய்தது. பிறகு அரசு நிறுவனமான நோர்ஷ்க் டிப்பிங் மட்டும் புது மெஷின்களை வைத்தது. ஒவ்வொன்றும் மத்திய கம்ப்யூட்டரோடு இணைந்தது. சொந்த அட்டையைச் செருகாமல் விளையாட முடியாது. ஆரம்பத்தில் வைத்த வரம்பு, ஒருவர் ஒரு நாளில் 400 குரோனர், ஒரு மாதத்தில் 2,200 குரோனர் வரைதான் தோற்கலாம். ஒரு மணி நேரம் தொடர்ந்து விளையாடினால் கட்டாய இடைவேளை. பணம் தீர்ந்து, பக்கத்து ஊர் மெஷினுக்குப் போய் அட்டையைச் செருகினாலும் அந்த மெஷினுக்கும் கணக்கு தெரிந்திருக்கும்.